இடது பக்க நடுவர்

ஷோப்ரோன், 1964 ஜூன் 14

அன்புள்ள லோராந்த்,

பல வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று என்னைக் கேட்டாள்: "சார், நீங்க கடலைப் பார்த்திருக்கீங்களா?"

கரும்பலகையில் அத்ரியாட்டிக் கடலின் கரையை வரைந்துகொண்டிருந்தேன். "இல்லம்மா, பார்த்ததில்ல" என்றேன்.

"அப்புறம் எப்படி சார் இத்தனை நெளிவு வரையறீங்க?"

"பார்த்தவங்க வரைஞ்சு வச்சதைப் பார்த்து வரையறேன்."

வகுப்பு சிரித்தது. அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை. கடலில்லாத நம் ஹங்கேரியில் பூகோளம் சொல்லித்தந்து ஓய்வும் பெற்றாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறது, உட்காரச் சொல்ல மறந்துபோன பிள்ளை மாதிரி.

அந்தக் கடலை இந்த ஆகஸ்டில் பார்க்கப்போகிறேன். அதன் கரையில், இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் மாணவர்களுக்கான சர்வதேச விளையாட்டுகள் நடக்கின்றனவே, அதில் ஆண்கள் அணி சேபர் வாள் போட்டிக்கு, வெட்டு பட்டதா என்று அருகில் நின்று பார்த்துச் சொல்லும் பக்க நடுவராக என்னை அனுப்புகிறார்கள். நம் நாட்டு அணியின் ஆட்டத்தில் நான் நிற்க முடியாது. மற்றவர்களுக்கு நிற்பேன்.

கனடா அணியும் வருகிறதாம். பயிற்சியாளர் பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். உன் அண்ணி எதித்தைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன். "நம்ம லோராந்த்தான்! வேற எவன் தன் பேர்ல ரெண்டு எழுத்துக்கும் மேல கோடு போட்டு எழுதச் சொல்லிச் சண்டை போடுவான்?" என்றாள்.

எட்டு வருஷமாக நீ போட்ட அட்டை ஒவ்வொன்றும் வந்தது. ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. அதற்குக் காரணம் உண்டு, ஆனால் காகிதத்தில் வேண்டாம். கடைசி நாள் ஆட்டங்கள் முடிந்ததும் கடற்கரையில் நாம் இருவரும் உட்கார்ந்து பேச முடியுமா? எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

உன் அண்ணன்
கால்மான்


வான்கூவர், 1964 ஜூலை 5

அண்ணா,

உன் கடிதத்தை என் மனைவி மாரியன், நான் வேலை செய்யும் மரம் அறுக்கும் ஆலைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஹங்கேரி தபால்தலை ஒட்டியிருக்கு. யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, ஒருத்தர் உயிரோட வந்திருக்கார்" என்றேன்.

நான் பகலில் பலகை அறுக்கிறேன், மாலையில் பல்கலைக்கழகத்தில் வாள் பிடிக்கச் சொல்லித்தருகிறேன். வாடகை பலகையிலிருந்து வருகிறது. நம் ஊரில் தெருவுக்கு ஒருவன் சேபர் பிடிப்பான். இங்கே முதல் நாள் ஒரு பையன் வாளை வாங்கிப் பார்த்து, "இதை வச்சு என்ன சார் வெட்டணும்?" என்று கேட்டான். இப்போது அவன் என் அணியில் இருக்கிறான். நாலு பேரில் ஒருவன் பல் மருத்துவம் படிக்கிறான், ஒருவன் பாதிரியாராகப் போகிறவன், ஒருவன் எதற்கும் ஆகாதவன். நான்காவது க்ளென், இடது கைக்காரன். அவன் மணிக்கட்டைப் பார்த்தால் நீ அழுதுவிடுவாய்.

அவனுக்கு உன் வெட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எதிராளியின் மணிக்கட்டுக்கு உள்பக்கம், கீழிருந்து, விரல் சொடுக்குவது போல. நீ ஷோப்ரோன் உடற்பயிற்சிக் கூடத்தில் என் கையைச் சிவக்க வைத்த அதே வெட்டுதான்.

வருகிறேன், பேசலாம். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து என் முகம் சரியில்லை என்று நீ யோசிக்க வேண்டாம். ஐம்பத்தாறு கிளர்ச்சி நசுங்கியதும் நான் ஆஸ்திரிய எல்லை தாண்டின பிறகு நம் தெரு ரொட்டிக்கடை போத்னாரும் தாண்டி வந்தான். வியன்னாவில் முகாமில் சந்தித்தோம். "உன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரிச்சாங்கப்பா. மூணு தடவை கேட்டாங்களாம். மூணு தடவையும், 'அவனை நான் பார்க்கவே இல்லை'ன்னு சொல்லிட்டாராம்" என்றான். அன்று மாலை என் கோட்டில் பொத்தான் தைத்துக்கொடுத்தது யார்? உன் கை என் நெஞ்சுக்கு முன்னால் இருந்ததே. பார்க்கவே இல்லையா? உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதையே நீ துடைத்துப் போட்டது போல இருந்தது. அட்டை போட்டுப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

சரி. எதித் அண்ணி இன்னும் பிளம் பழக் கூழ் கிளறுகிறாளா? கொண்டுவா என்று சொல்லவில்லை. கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

லோராந்த்


வான்கூவர், 1964 செப்டம்பர் 10

கால்மான் அண்ணா,

ட்ரியெஸ்டேயில் உன்னோடு பேசாமல், கை குலுக்காமல் பேருந்தில் ஏறினேன். அது தப்புதான், மாரியனும் சொல்லிவிட்டாள். ஆனால் அன்று உன் கையைப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. 

பெல்ஜியத்தோடு ஆட்டம். ஜெயித்தால் கடைசி நாலு அணிகளில் நாங்கள் ஒன்று. இதுவரை எங்கள் பல்கலைக்கழகத்தில் எங்களை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. உடற்பயிற்சிக் கூடத்தைக் கூடைப்பந்துக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசி நாலில் வந்தால் கூடம் எங்களுக்கு என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் போட்டி அதிகாரி என்னிடம் வந்தார். "இடது பக்க நடுவர் உங்க அண்ணன்னு சொல்றாங்க. ஆட்சேபணை உண்டா? மாத்தித் தரேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம். இந்த அரங்கத்துல அந்த வெட்டைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். 

பதினாறாவது மோதல் வரை போயிற்று. க்ளென் கடைசி ஆள். புள்ளி நாலுக்கு நாலு. அடுத்த வெட்டு யாருடையதோ ஆட்டம் அவர்களுடையது. க்ளென் ஓரடி பின்வாங்கினான், அந்தப் பெல்ஜியக்காரன் பாய்ந்து வந்தான், க்ளென் மணிக்கட்டைச் சொடுக்கினான். உன் வெட்டு! பல்மருத்துவன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான்.

தலைமை நடுவர் பக்க நடுவர்கள் உங்கள் இருவரையும் கேட்டார். வலது பக்கத்து நடுவர், அந்தப் போலந்துக்காரர், "பட்டது" என்றார். அவருக்கு ஒரு ஓட்டு. தலைமை நடுவர் தன் பங்குக்கு "வாள்பிடியில்தான் பட்டது, செல்லாது" என்றார். அவருக்கு ஒன்றரை ஓட்டு. எல்லாரும் உன்னைப் பார்த்தோம். நீ "பட்டது" என்று சொன்னால் இரண்டுக்கு ஒன்றரை, ஆட்டம் எங்களுக்கு.

நீ "பார்க்கவில்லை" என்றாய்.

அதே வார்த்தை, அண்ணா. அதே குரலாகவும் இருக்கும். "இல்லை" என்று சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், தப்பாகப் பார்த்துவிட்டாய் என்று நினைத்திருப்பேன். வெட்டு செல்லவில்லை, மறுபடி ஆடச் சொன்னார்கள், க்ளென்னின் தலையில் ஒன்று விழுந்தது, முடிந்தது. அவன் முகக்கவசத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். உள்ளே அழுதான் போல.

உனக்கு என்னைப் பார்க்க என்றைக்குத்தான் கண் வரும்?

லோராந்த்


ஷோப்ரோன், 1964 செப்டம்பர் 29

அன்புள்ள லோராந்த்,

உன் கோபம் நியாயமானது. அதைத் தணிக்க இந்தக் கடிதம் இல்லை. காகிதத்தில் வேண்டாம் என்று நினைத்ததை எல்லாம் எழுதிவிடத்தான். போன வருஷம் உன்னைப் போல் போனவர்களுக்குப் பொது மன்னிப்பு வந்த பிறகு எழுதியிருக்கலாம். எட்டு வருஷ மௌனத்துக்குப் பிறகு முதல் வரி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இன்னும் ஒரு வருஷம் போயிற்று.

அன்று பொத்தான் தைத்தேன். எதித் உன் பையில் ரொட்டி வைத்தாள். நீ போன பிறகு நான் மாடி ஜன்னலுக்கு ஓடினேன். பீட்ரூட் வயலில் நீ குனிந்து போனதைப் பார்த்தேன். வாள் பையைத் தோளில் மாட்டியிருந்தாய். முட்டாளே, எல்லை தாண்டுகிறவன் வாள் பையோடா போவான் என்று மனசுக்குள் திட்டினேன். மரங்களுக்குள் நீ மறைந்த பின்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும் முன்பே என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர். ஒருவர் என் பழைய மாணவனின் அப்பா, அதனால் மரியாதையாகவே பேசினார்.

"வாத்தியாரே, உங்க தம்பி எந்தப் பக்கம் போனார்?"

"தெரியாது. அவனை நான் பார்க்கவே இல்லை."

"நேத்து சாயந்திரம்?"

"பார்க்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பார்த்தேன்னு சொன்னா ஒரு பிரச்சினையும் இல்ல, இத்தோட போகலாம்."

"பார்க்கல."

நீ அப்போது வயல்களுக்கு நடுவில் எங்கோ இருந்தாய், இன்னும் தாண்டியிருக்கவில்லை. நான் திசையைச் சொல்லியிருந்தால் நாய்களோடு போயிருப்பார்கள். அந்தப் பொய்க்காக என்னை மூன்று வருஷம் கிராமப் பள்ளிக்கு மாற்றினார்கள். சைக்கிளில் போய் வந்தேன், உடம்புக்கு நல்லதுதான். உன் அட்டைக்கெல்லாம் பதில் போட்டிருந்தால், "பார்க்காத தம்பிக்கு என்ன கடிதம்?" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள் என்று பயந்தேன். போத்னார் உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மீதி அவனுக்குத் தெரியாது.

இப்போது ட்ரியெஸ்டேக்கு வருகிறேன். நான் க்ளென்னின் இடது தோளுக்கு ஓரடி பின்னால் நின்றேன். அங்கேதான் நிற்கச் சொல்வார்கள், எதிராளி மேல் படுகிறதா என்று பார்க்க. ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு, நான் இடது கையால் எழுதினால் கரும்பலகையில் ஒன்றும் தெரியாது. என் முழங்கை மறைக்கும். "சார், தள்ளுங்க" என்று அந்த வரிசை மட்டும் கத்தும். மற்ற வரிசைகள் எழுதி முடித்துவிட்டிருக்கும். அதற்காக அந்தப் பிள்ளையைக் குருடு என்று யாராவது சொல்வார்களா?

க்ளென் இடது கைக்காரன். மணிக்கட்டின் உள்பக்கம் வெட்டும்போது அவன் முழங்கையும் வாள்பிடியும் சரியாக என் கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் வந்தன. சத்தம் கேட்டேன். அது நல்ல சத்தம், நம் கூடத்துச் சத்தம். பட்டிருக்கும் என்றுதான் என் மனசு சொன்னது. ஆனால் என்னைக் கேட்டது மனசு என்ன சொன்னது என்று இல்லை. பார்த்தாயா என்று கேட்டார்கள்.

பெஞ்சில் நீ இரண்டு முஷ்டிகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாய், சின்ன வயசில் செய்வது போல. அதைப் பார்த்தேன். ஒரு முறை உனக்காகப் பொய் சொன்னேன், அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. அன்று உன் உயிர் இருந்தது. இங்கே ஒரு பெல்ஜியப் பையன் மட்டும் இருந்தான், அவனும் யாருக்கோ தம்பி. உன் எதிரில் நின்று உண்மையைச் சொல்லலாம், இப்போது சொன்னால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. உன் பேருந்து கிளம்பும்வரை அது இருந்தது.

பிளம் கூழ் ஜாடியோடு பேருந்து பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்தேன், லோராந்த். அந்த ஏழாம் வகுப்புப் பெண் எங்கிருந்தாலும் அவளுக்கு இப்போது பதில் சொல்லலாம்: பார்த்தேன், ஆனால் கரையோரத்தை மட்டும்தான். திரும்பும்போது சுங்க அதிகாரி ஜாடியைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுல செஞ்சதா? சர்க்கரை கம்மி" என்றான். எதித் அவனை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். க்ளென்னை அந்த வெட்டை வெட்டச் சொல்லிவிட்டு, நான் நின்ற இடத்தில் நீ நின்று பார்.

கால்மான்


வான்கூவர், 1964 அக்டோபர் 25

அண்ணா,

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆலைக்குப் போய் வந்தேன். மாரியனிடம் அந்தப் பீட்ரூட் வயல் பகுதியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "நீ திரும்பியே பார்க்கலையா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்தேன் என்றேன். பார்த்திருந்தால் ஜன்னலில் உன்னைப் பார்த்திருப்பேன். போத்னார் சொன்னதை வேறு மாதிரிக் கேட்டிருப்பேன்.

பிறகு கூடத்துக்குப் போனேன். ஆம், கூடம் இன்னும் இருக்கிறது, வாரத்தில் இரண்டு மாலை. மீதி நாள் கூடைப்பந்து.

பல்மருத்துவனைப் பெல்ஜியக்காரனாக நிற்க வைத்தேன். "நான் ஏன் எப்பவும் தோக்கிறவனா நிக்கணும்?" என்றான். "அவன் ஜெயிச்சான்டா" என்றேன். நான் க்ளென்னின் இடது தோளுக்குப் பின்னால் நின்றேன்.

வெட்டினான். ஒன்றும் தெரியவில்லை.

"மறுபடி." வெட்டினான். முழங்கை தெரிந்தது, வாள்பிடி தெரிந்தது, மணிக்கட்டு இல்லை. குனிந்து பார்த்தேன், எட்டிப் பார்த்தேன். பாதிரியாராகப் போகிறவன், "சார், நீங்க நடுவர், சாவித்துவாரத்துல பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் இல்ல" என்றான். வலது பக்கம் போய் நின்றேன். வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

நம் கூடத்தில் நாம் முதல் நாளே கற்றுக்கொண்டது என்ன? வெட்டினால் போதாது, நடுவருக்குக் காட்ட வேண்டும். கையை அகலமாகத் திறந்து, நாலு பக்கமும் தெரியும்படி. நம் வாத்தியார் வெட்டைக் காட்டாதவனுக்குப் புள்ளியே தரமாட்டார். எனக்கு அது எப்படி மறந்தது? இங்கே க்ளென்னுக்கு எதிரில் தனியாக நின்று, என் கையிலேயே வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஒவ்வொன்றும் பட்டது, அதனால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். வலது கைக்காரனான உன் வெட்டை இடது கைக்காரனுக்கு மாற்றினேன், அது யாருக்கு மறையும் என்று ஒரு தடவைகூடச் சுற்றி நடந்து பார்க்கவில்லை.

க்ளென்னிடம், "அன்னிக்குப் பட்டுதா இல்லையா? உண்மையைச் சொல்லு" என்றேன்.

அவன் வாளைக் கீழே வைத்தான். "சார், கோவிச்சுக்காதீங்க. எனக்கே தெரியல. கையில பட்ட மாதிரியும் இருந்துச்சு, பிடியில பட்ட மாதிரியும் இருந்துச்சு. நீங்க அவ்வளவு உறுதியா இருந்தீங்களேன்னு நானும் பட்டுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

எங்கள் பெஞ்சிலிருந்து பார்த்தால் எதிராளியின் முதுகுதான் தெரியும், அண்ணா. நானும் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. உன்மேல் கோபம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். விடிகாலையில் பலகை அறுக்கும்போது, "பட்டதுன்னு சொல்லியிருக்கலாமே" என்று இன்னும் தோன்றுகிறது. ரம்பத்துக்குள் அந்த நினைப்பையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறேன். ஆனால் அந்த வயலை நினைத்தால் ரம்பத்தை நிறுத்திவிடுகிறேன். மூன்று தடவை கேட்டும் அசையாத மனுஷன், என் அண்ணன். இது தெரியாமல் எட்டு வருஷம் அட்டையில் வானிலை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வர விண்ணப்பித்திருக்கிறேன். மன்னிப்பு எனக்கும் பொருந்தும் என்று தூதரகத்தில் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் வியன்னாவிலிருந்து ரயிலில் வருவேன். இந்தத் தடவை வாள் பை இல்லை. அண்ணியிடம் சர்க்கரை சரியாகவே இருந்திருக்கும், அந்தச் சுங்கக்காரனுக்கு நாக்கு இல்லை என்று சொல்.

ஒரு பயம். எனக்கு முடி கொட்டிவிட்டது, கொஞ்சம் பெருத்தும்விட்டேன். அரங்கத்தில் தூரத்திலிருந்துதான் பார்த்தாய். நிலையத்தில் உனக்கு என்னைத் தெரியுமா?

உன் தம்பி
லோராந்த்


ஷோப்ரோன், 1964 நவம்பர் 16

அன்புள்ள லோராந்த்,

எதித் ஜாடியைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டாள். எனக்கு எட்டாத உயரம். "அது அவனுக்கு. நீங்க விரலை விட்டீங்கன்னா நீங்களும் சுங்கக்காரரும் ஒண்ணு" என்கிறாள். மாடி அறையில் உனக்குப் படுக்கை போட்டாகிவிட்டது. ஜன்னல் பக்கமாக.

க்ளென்னிடம் சொல், அந்தப் பதில் மிக நல்ல பதில். "எனக்கே தெரியல" என்று வாளைக் கீழே வைத்துச் சொல்லத் தெரிந்தவன் ஒரு நாள் நல்ல நடுவனாவான். கையை அகலமாகத் திறந்து வெட்டப் பழகட்டும். கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை.

உன் கோபத்தை ரம்பத்துக்குள் தள்ள வேண்டாம். கொண்டுவா. சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசுவோம், நீ கத்து, நான் கேட்கிறேன். எதித் இருவரையும் திட்டுவாள்.

நிலையத்தைப் பற்றிக் கேட்டாயே. பண்டிகைக் கூட்டம் இருக்கும். எல்லாரும் கனமான கோட்டும் தொப்பியும் போட்டிருப்பார்கள், நீராவியில் ஒருவர் முகமும் சரியாகத் தெரியாது. நான் நடைமேடையின் கடைசியில், கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று இந்த வயசிலும் சொல்ல வராது. அதனால் நீதான் உதவ வேண்டும்.

ரயிலிலிருந்து இறங்கியதும் பெட்டியைக் கீழே வை. நான் பார்க்கும்வரை கையை நன்றாக உயர்த்திக் காட்டு.

கால்மான்